நகம் வளர்க்காதவள் கிதார் வாங்குகிறாள்

கிதாரைக் கொடுக்குமுன்
ஜெரால்டு என் விரல்களைத்தான் பார்த்தான்.
'நகம் இல்லியேக்கா' என்றான்,
சில்லறை குறைவதைச் சொல்கிற குரலில்.

ஸ்டான்லியில் ரத்தம் எடுக்கிற கை இது.
நகம் வைத்தால் கையுறை கிழியும்.
ஒரு காலைக்கு நூறு முழங்கை மடிப்பு.
கண்ணுக்குத் தெரியாத நரம்பை
விரல் நுனிச் சதைதான் எனக்குக் காட்டும்.
அங்கேயும் நரம்பு, இங்கேயும் நரம்பு.
தமிழ் எனக்காக ஒரு சொல் மிச்சம் பிடித்திருக்கிறது.

பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் மாடிக்கடை.
கண்ணாடிக் கதவு, இருபத்திரண்டில் ஏசி.
அந்தக் குளிரில் எல்லாக் கிதாரும்
பெண் பார்க்க வந்தவர் முன்னால்போல
பதவிசாக நடந்துகொண்டன.

முதலில் பார்த்தது கறுப்பு ரோஸ்வுட்.
துளையைச் சுற்றிச் சிப்பி வளையம்.
கட்டைவிரல் பட்டால் துறைமுகத்துக் கப்பல் ஊதும்.
நகத்தால் வாசித்துக் காட்டினான் ஜெரால்டு,
பீங்கானில் மழை விழுந்தது.
நான் வாசித்தேன்,
போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசியதுபோல் இருந்தது.

இன்னொன்றின் கழுத்து குறுகல்.
இரண்டாம் நரம்பை அழுத்தினால்
மூன்றாவது செத்துப் போகிறது.
'ஒன்றரை மில்லிமீட்டர்தானேக்கா வித்தியாசம்.'
தம்பி,
ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிக் குத்திப் பார்,
கை வீங்கி நிற்கிற நோயாளி சொல்வார்.

மூன்று சனிக்கிழமை போனேன்.
டீ வாங்கிக் கொடுப்பதை
இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டான்.

வீட்டில் பழையது ஒன்று இருக்கிறது,
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒட்டுப்பலகை.
காசிமேட்டு உப்பும் மணலிக் காற்றும் குடித்து
வயிறு தள்ளி, பாலம் பெயர்ந்து,
சுவரோரம் சாய்ந்திருக்கிறது.
புது நரம்பு மாட்டினால் பதினோராம் நாள் கறுக்கும்.
அதில்தான் கற்றேன். அதைத் திட்ட மாட்டேன்.
ஆனால் இனி ஒன்றே ஒன்றுதான் வாங்குவது.

சீட்டு எடுத்த பணம் நாற்பத்திரண்டாயிரம்.
முனிரத்தினம் டேங்கர் ஓட்டுகிறவர்,
விலையைக் கேட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்.
பிறகு கேட்டார்: 'எத்தினி வருஷம் ஓடும்?'
பணி ஓய்வுக்குப் பத்தொன்பது வருஷம்.
அதற்குமேல் கை நடுங்காமல் இருந்தால்
இன்னொரு பத்து.
'அப்ப இன்ஜினப் பாரு, பெயின்ட்டப் பாக்காத.'

நான்காம் சனிக்கிழமை சொன்னேன்:
ஏசியை அணை. கதவைத் திற.
முறைத்தான். திறந்தான்.
உள்ளே வந்தது தெரு,
ஷேர் ஆட்டோ, மிக்சர் வறுக்கும் எண்ணெய் வாசம்,
எவனோ தொடர்ந்து அடித்த ஹாரன்,
கழுத்தில் வழியும் ஏப்ரல் வியர்வை.
நான் வாசிக்கப் போவது இதற்குள்தான்.

ரோஸ்வுட் அந்த இரைச்சலில் மூழ்கிவிட்டது.
மூலையில் ஒன்று கிடந்தது,
தேவதாரு மேல்பலகை, வெந்த தேன் நிறம்,
லாரியில் இடித்து விளிம்பில் ஒரு பள்ளம்,
எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லையாம்.
சும்மா மடியில் வைத்தேன்.
சதையால் தொட்டேன், அழுத்தக்கூட இல்லை,
ஊசிக்கு முன் தடவுவேனே, அவ்வளவுதான்.
இருக்கிறேன் என்றது.

பள்ளத்துக்காக மூவாயிரம் குறைத்தான்.
நான் ஐயாயிரம் கேட்டேன்.
மூவாயிரத்து ஐந்நூறில் முடிந்தது.

இப்போது இரவு ஒன்றே முக்கால்,
கொருக்குப்பேட்டை, ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
ஒற்றை அறை. நாளைக்கு வேதியியல் தேர்வு எழுதுகிறவள்
சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறாள்.
பெட்டிக்குள் சிலிகா பொட்டலங்கள்,
அவளுடைய செருப்பு டப்பாக்களில் வந்தவை.
முழங்காலில் கிதார். விளக்கில்லை.
நாலு சுரம், திரும்ப அதே நாலு சுரம்,
அவள் மூச்சைத் தாண்டாத அளவு.

கூட்ஸ் வண்டி போகிறது.
ஜன்னல் கம்பி அதிர்கிறது, டம்ளர் அதிர்கிறது.
நான் கையை எடுத்துவிட்டேன்.
ஆறாவது நரம்பு மட்டும்
யாரும் தொடாமலே
வண்டியோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வருகிறது.

ஐந்தரைக்கு எழ வேண்டும்.
நகவெட்டியை எங்கே வைத்தேன்?